நானூறு அடி பாக்கி

"மாமா, உங்க ஷூ சைஸ் என்ன?"

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினன் போன் பண்ணி இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? மாமாவுக்குப் பிறந்தநாள் வருகிறது, பையன் நல்ல ஷூவாக வாங்கித் தரப்போகிறான் என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். "எட்டு" என்றேன். "எட்டரைகூட சரியா இருக்கும்ப்பா" என்று தாராளம் வேறு காட்டினேன்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு ரசீது வந்தது. உத்தராகண்டில் கேதார்கண்டா என்று ஒரு மலை. ஜனவரி மாதம். ஆறு நாள் பனிநடை. வழிகாட்டி உண்டு, சாப்பாடு உண்டு, கூடாரம் உண்டு. நபர் இரண்டு. அந்த இரண்டாவது நபர் நான். ஷூ என் செலவு.

மச்சினனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயது 26. தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனி. தினம் ஜிம். சட்டையின் கை இரண்டும் புஜத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறும். என் மனைவிக்கு ஒரே தம்பி. (இந்தக் கடைசி விவரத்தை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

நான்? வயது 37. பி.காம். ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருஷம் வவுச்சருக்கு 'டிக்' அடித்துவிட்டு, இப்போது எழுதிப் பிழைப்பவன். இதுவரை ஏறிய மிக உயரமான இடம் தொட்டபெட்டா. அதுவும் காரில். பனிக்கும் எனக்கும் இருந்த உறவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டோடு சரி.

"ஈஸின்னு போட்டிருக்காங்க மாமா. முதல் தடவை போறவங்களுக்கே இதைத்தான் சிபாரிசு பண்றாங்க."

ஈஸி என்றால் சுலபம். சுலபத் தவணை, சுலப வழியில் ஹிந்தி, சுலபமாகத் தொப்பையைக் குறைப்பது எப்படி... இந்த வார்த்தையை நம்பி ஒரு தடவையாவது மோசம் போகாத தமிழன் உண்டா?

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். எழுதினேன். கட்டணம் ரூ.9,500 (ஜி.எஸ்.டி. தனி). ஷூ ரூ.4,200. உடம்போடு ஒட்டும் தெர்மல் உள்ளாடை ரூ.1,600. கையுறை இரண்டு ஜோடி, கறுப்புக் கண்ணாடி, ரயில், பஸ், இத்யாதி. குரங்குக் குல்லா மட்டும் இலவசம். அம்மா 1998-ல் காசிக்குப் போனபோது வாங்கி வந்தது. அந்துருண்டை வாசனையோடு தயாராக இருந்தது. ஆக மொத்தம் தலைக்கு ரூ.31,740.

இந்தத் தொகையையும் அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "ஏங்க, அவன் சின்னப் பையன். அவசரக்காரன். நீங்கதான் பார்த்துக்கணும்."

"நான் இருக்கேன்ல" என்றேன்.

* * *

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி. அங்கிருந்து டேராடூன். டேராடூனிலிருந்து சாங்க்ரி என்ற கிராமத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர். நம்மூர் பைபாஸில் மூன்றரை மணி நேரம், அங்கே முழுப்பகல். யமுனையைத் தொட்டு, விட்டு, புரோலா, மோரி என்று ஊர்களைத் தாண்டி, ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பாதாளம். டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் செல்போனையும் பிடித்திருந்தார். ஆகவே பிரார்த்தனைக்கு மூன்றாவது கை நாங்கள்தான் கொடுத்தோம்.

சாங்க்ரி 6,400 அடி. மர வீடுகள், நாலு டீக்கடை, வாடகைக்கு ஜாக்கெட் தரும் கடைகள். எங்கள் கோஷ்டியில் 14 பேர். புனே, பெங்களூரு, அகமதாபாத் என்று எல்லாமே ஆபீஸ் முகங்கள். லீவு லெட்டரில் பாதிப் பேர் எழுதிக்கொடுத்த காரணம் அக்கா கல்யாணம்.

தலைமை வழிகாட்டிக்கு நாற்பது வயதிருக்கும். உத்தரகாசியில் 1965 முதல் இயங்கும் நேரு மலையேற்றப் பயிற்சிக் கழகத்தில் படித்தவர். அவர் வரிசைக்கு முன்னால் போவார். வரிசைக்குப் பின்னால், கடைசி ஆளுக்கும் கடைசியாக வருவதற்கு இன்னொருவன். 23 வயது. பக்கத்துக் கிராமம். ஒல்லி. கன்னம் இரண்டும் பனியில் வெந்து சிவந்திருந்தன. எல்லோரும் அவனை 'பையா' என்று கூப்பிட்டார்கள். தமிழில் பையா என்றால் சின்னவன், ஹிந்தியில் அண்ணன். நான் தமிழ் அர்த்தத்திலேயே கூப்பிட்டேன். அவன் என்னைக் கூப்பிட்டது, 'ஸார்-ஜி'.

முதல் நாள் சாயங்காலம் விரலில் ஒரு க்ளிப்பை மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்த்தார்கள். எனக்கு 94. மச்சினனுக்கு 95. "பார்த்தீங்களா மாமா?" என்றான், ஒரு மார்க்கில் முந்திய சந்தோஷத்தில்.

தலைமை வழிகாட்டி அரை மணி நேரம் பேசினார். சாரத்தைத் தருகிறேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள். மெதுவாக நடங்கள். தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு, தூக்கமின்மை என்று எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். மறைக்காதீர்கள். எந்த இடத்திலும் 'திரும்பு' என்று நாங்கள் சொன்னால் திரும்ப வேண்டும். இது ஒன்றில் மட்டும் பேரம் கிடையாது.

எல்லோரும் தலையாட்டினோம். விமானத்தில் ஏர்ஹோஸ்டஸ் கை காட்டும்போது ஆட்டுவோமே, அதே மாதிரி.

* * *

மறுநாள் ஜூடா-கா-தாலாப். மலைமேல் உறைந்த ஏரி. 9,100 அடி. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 8,842 அடிதான். ஆக, முதல் நாளே தென்னிந்தியாவைத் தாண்டிவிட்டேன் என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பப் பார்த்தேன். சிக்னல் இல்லை.

பாதி வழியில் பனி ஆரம்பித்தது. மிதித்தால் மொறுக் மொறுக்கென்று பொரித்த அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஷூவுக்கு அடியில் ரப்பர் வளையத்தோடு ஒரு சங்கிலியை மாட்டிவிட்டார்கள். சங்கிலியில் குட்டிக் குட்டி இரும்புப் பற்கள். வழுக்காமல் கடித்துக்கொள்ளும். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஒரு துணி உறை, பனி ஷூவுக்குள் நுழையாமல் இருக்க.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதுப்பனி ஆழமாக விழுகிற இடங்களில் டென்னிஸ் மட்டை மாதிரி அகலமான பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். தத்துவம் ஒட்டகத்தின் பாதம்தான். உடம்பின் எடை அகலமாகப் பரவினால் கால் மூழ்காது. கேதார்கண்டாவில் முன்னால் போன ஆயிரம் கால்கள் மிதித்துக் கெட்டியாக்கிய தடம் இருப்பதால் இரும்புப் பல் போதும். ஒரே ஒரு நிபந்தனை: தடத்தை விட்டு விலகக் கூடாது. முன்னால் போனவர் கால் வைத்த குழியிலேயே நீங்களும் வைக்க வேண்டும்.

நான் விலகினேன். ஒரு போட்டோவுக்காக.

இரண்டே எட்டு. இடது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. வலது கால் மேலே. பரத நாட்டியத்தில் இப்படி ஒரு போஸ் உண்டு. ஆனால் அதற்குப் பத்து வருஷம் பயிற்சி வேண்டும். மச்சினன் உதவிக்கு வருவதற்குமுன் மூன்று கோணத்தில் படம் எடுத்தான்.

பையா வந்தான். சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே பனியைத் தோண்டினான். "இழுக்காதீங்க ஸார்-ஜி. இழுத்தா முட்டி போயிடும். மொதல்ல ஷூவைச் சுத்தி எடம் பண்ணணும்." (அவன் சொன்னது ஹிந்தியில். எனக்கு வந்து சேர்ந்தது இப்படி.)

உள்ளே போன காலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கல்லூரியில் காஸ்டிங் வகுப்பு ஞாபகம் வந்தது. அதில் 'சங்க் காஸ்ட்' என்று ஒரு சமாசாரம். மூழ்கிய செலவு. ஏற்கெனவே செலவழித்தாயிற்று, நீங்கள் எந்த முடிவெடுத்தாலும் அது திரும்பி வராது. எங்கள் புரொபசர் மேஜையைத் தட்டிச் சொல்வார்: "போனது போச்சு! இனிமே எடுக்கிற முடிவுல அதைக் கொண்டுவராதே. இனிமே என்ன வரும், என்ன போகும், அதை மட்டும் பாரு!" பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பத்துக்கு ஒன்பது.

ஆனால் வாழ்க்கையில்? படம் இன்டர்வெல்லிலேயே தெரிந்துவிடும், தேறாது என்று. டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று கடைசிவரை உட்காருகிறோம். அன்லிமிடெட் பஃபேயில் கொடுத்த காசுக்கு வசூல் பண்ணிவிட்டு ராத்திரி ஜெலூசில் குடிக்கிறோம். நாம் மட்டுமல்ல, பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து, போட்ட பணத்துக்காகவே மேலும் மேலும் பணத்தைக் கொட்டிக் கான்கார்ட் விமானத்தைப் பறக்கவிட்டன. இந்த மயக்கத்துக்கு அந்த விமானத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பத்து நிமிஷத்தில் கால் வெளியே வந்தது. பையா என் காலிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, "சலோ ஸார்-ஜி, தீரே தீரே" என்றான். மெதுவா, மெதுவா.

* * *

கூடார வாழ்க்கையைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கூடாரத்தில் மூன்று பேர் படுக்கலாம், மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் படுக்கச் சம்மதித்தால். ராத்திரி வெளியே மைனஸ் 8. குளிரில் பாட்டரி செத்துவிடும், தண்ணீர் உறைந்துவிடும். ஆகவே தூங்கும் பைக்குள் என்னோடு படுத்துக்கொண்டவர்கள்: செல்போன், தண்ணீர் பாட்டில், மறுநாள் போட வேண்டிய சாக்ஸ் ஒரு ஜோடி. சாப்பாட்டில் குறையே சொல்லக் கூடாது. ராஜ்மா, ரொட்டி, சூடான சூப். உயரம் ஏற ஏறத் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் அரிசி லேசில் வேகாது. குக்கரைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். கழிப்பறைக் கூடாரம் பற்றி ஒரே வரி: ஜிப்பைத் திறக்கும் கையில் கையுறை இருந்தால் திறக்க முடியாது, இல்லாவிட்டால் விரல் இருக்காது.

மூன்றாம் நாள் 11,250 அடியில் முகாம். காற்றைப் பற்றி ஒரு விஷயம். மலையிலும் காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் குறைகிறது. 12,500 அடியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன், மெரினாவில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அதே ஸ்கேல், பிடித்தம் அதிகம்! உடம்பு இந்தப் புதுச் சம்பளத்தில் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்ளச் சில நாள் பிடிக்கும். சிலருக்குச் சீக்கிரம் பழகும், சிலருக்குப் பழகாது. இதில் வயசு, ஜிம், புஜம் எதற்கும் சலுகை கிடையாது. சொல்லப்போனால் திடமான இளவட்டங்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

அன்று சாயங்காலம் விரல் க்ளிப்பில் எனக்கு 88. மச்சினனுக்கு 79. பையா முகம் சுருங்கினான். அவன் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்த்தான். 83.

"தலைவலி இருக்கா?"

"நோ, நோ. ஃபைன்."

"ராத்திரி ஏதாவது பண்ணினா எழுப்புங்க. என் டென்ட் அதோ."

ராத்திரி பதினொரு மணி. மச்சினன் எழுந்து வெளியே போனான். சத்தம் கேட்டது. இரண்டு தடவை. திரும்பி வந்து படுத்தவன் இருட்டில் கிசுகிசுத்தான்.

"ராஜ்மா ஒத்துக்கல மாமா. அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா நாளைக்கு ஏத்த மாட்டாங்க. இவ்ளோ தூரம் வந்துட்டு..."

நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பையன் ஆசையாக வந்திருக்கிறான் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்த இருட்டில், அந்தக் குளிரில், தூங்கும் பைக்குள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நான் போட்டுக்கொண்டிருந்த பெருக்கல்: 31,740 இன்டு இரண்டு. ரூ.63,480.

* * *

விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். வெயில் ஏறினால் பனி இளகும், கால் புதையும், சரிவு ஆபத்தாகும். அதனால் இருட்டிலேயே ஏறி, வெயில் காய்வதற்குள் இறங்க வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பதினாலு பேர் வரிசை. மேலே இத்தனை நட்சத்திரத்தை நான் பார்த்ததே இல்லை. சென்னையில் நாம் பார்ப்பது சாம்பிள்.

ஏழு மணி சுமாருக்கு விடிந்தது. எதிரே ஸ்வர்காரோஹிணி. பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிப்போன வழி என்று நம்பிக்கை. முதலில் உச்சி மட்டும் குங்குமம், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் தங்கம். இன்னொரு பக்கம் பந்தர்பூஞ்ச். குரங்கு வால் என்று அர்த்தம், அனுமாரின் வாலாம். அம்மாவின் குரங்குக் குல்லாவை மரியாதையாக ஒரு தடவை தொட்டுக்கொண்டேன்.

மச்சினன் பத்து எட்டு வைத்தான், நின்றான். ஐந்து எட்டு வைத்தான், நின்றான்.

"மாமா, என் தண்ணி பாட்டில் எங்க?"

"உன் கையிலதான் இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, என் தண்ணி பாட்டில் பார்த்தீங்களா?"

மூன்றாவது தடவையும் கேட்டான். பாட்டில் கையிலேயே இருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

பையா சிரிக்கவில்லை. முன்னால் வந்து அவன் கண்ணைப் பார்த்தான். பிறகு கைத்தடியால் பனியில் ஒரு நேர்கோடு கிழித்தான். ஒரு பாதத்தின் விரல் நுனியை ஒட்டி அடுத்த பாதத்தின் குதிகாலை வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னான். சனிக்கிழமை ராத்திரி நம்மூர் போலீஸ்காரர் வைக்கிற பரீட்சைதான். மூன்றாவது எட்டில் மச்சினன் தள்ளாடி, பொத்தென்று உட்கார்ந்தான். தினம் ஜிம்முக்குப் போகிற ஆள், ஒரு கோட்டின்மேல் மூன்று எட்டு வைக்க முடியவில்லை.

"நீச்சே" என்றான் பையா. கீழே.

மேலே உச்சி தெரிந்தது. சின்னக் கல் மேடை, சூலம், பக்கத்தில் பறக்கும் துணிக்கொடி, முன்னால் போனவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வதுகூடத் தெரிந்தது. நாங்கள் நின்ற இடம் 12,100. உச்சி 12,500. நானூறு அடி பாக்கி.

"கொஞ்சம்தானே? நான் ஓகே. பத்து நிமிஷம் உட்கார்ந்தா சரியாயிடும்" என்றான் மச்சினன். நாக்குக் குழறியது.

இப்போது நான் பேசியிருக்க வேண்டும். பேசினேன். என்ன பேசினேன் தெரியுமா? "பையா, மெதுவா கூட்டிட்டுப் போயிடலாமே. இவ்ளோ செலவு பண்ணி, லீவு போட்டு, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கான்..." என்றேன். கை தன்னால் ஜாக்கெட் பைக்குள் போய் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டோடு வெளியே வந்தது. காஸ்டிங்கில் பத்துக்கு ஒன்பது வாங்கிய கை!

அவன் நோட்டைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தான்.

"ஸார்-ஜி, ராத்திரி இவர் வாந்தி எடுத்தாரா?"

"..."

"ஸார்-ஜி."

"ஆமாம்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

அவன் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. வாக்கிடாக்கியில் மேலே இருந்த தலைமை வழிகாட்டியிடம் நாலு வார்த்தை பேசினான். மச்சினனின் பையைக் கழற்றித் தன் பையோடு சேர்த்து மாட்டிக்கொண்டான். அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, உச்சிக்கு முதுகைக் காட்டி இறங்க ஆரம்பித்தான்.

இதுவரை 'அவன், இவன்' என்று எழுதிவிட்டேன். மன்னியுங்கள். இனி அவர்.

* * *

மலை நோய்க்கு முதல் மருந்து இறக்கம்தான். முகாமுக்கு வந்ததும் ஆக்ஸிஜன் முகமூடி வைத்தார்கள். அங்கே நிற்கவிடாமல் மேலும் கீழே. இறங்கும்போது பையா எனக்கு விளக்கினார். தலைவலியும் வாந்தியும் எச்சரிக்கை. அதை மீறி ஏறினால் மூளை வீங்க ஆரம்பிக்கும். பேச்சு குழறும், சொன்னதையே சொல்வார்கள், நடை தள்ளாடும். "இன்னும் ரெண்டு மணி நேரம் மேலே இருந்திருந்தா, நடத்திக் கூட்டிட்டு வந்திருக்க முடியாது ஸார்-ஜி. தூக்கிட்டுத்தான் வந்திருக்கணும்." அதற்கு அடுத்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது வேறு ஒரு குரல். "ஏங்க, நீங்கதான் பார்த்துக்கணும்."

1996 மே 10. எவரெஸ்ட். ராப் ஹால் என்ற நியூஸிலாந்துக்காரர் அந்த மலையின் பேர்பெற்ற வழிகாட்டி. அவரிடம் வந்தவர்களில் ஒருவர் டக் ஹேன்ஸன், அமெரிக்கத் தபால் இலாகா ஊழியர். 1995-ல் இதே ஹேன்ஸனை, உச்சிக்குச் சுமார் 330 அடி இருக்கும்போது, நேரமாகிவிட்டது என்று திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தவர் ஹால். அடுத்த வருஷம் மறுபடி வந்தார்கள். மிஞ்சிப்போனால் பிற்பகல் 2 மணி, அதற்குமேல் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்று பேச்சு. ஹேன்ஸன் உச்சியைத் தொட்டபோது 4 தாண்டியிருந்தது. ஹால் அவருக்காகக் காத்திருந்தார். புயல் வந்தது. இரண்டு பேருமே திரும்பவில்லை. அந்தப் புயலில் மலையின் இரண்டு பக்கமும் சேர்த்து 8 பேர் போனார்கள். அதில் 3 பேர் நம் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ்காரர்கள். போன வருஷத்து 330 அடி பாக்கி இந்த வருஷக் கணக்கில் ஏறிவிட்டது என்றுதான் கணக்கெழுதிப் பழகிய என் புத்திக்குப் படுகிறது.

எவரெஸ்ட் எங்கே, நாம் எங்கே என்பீர்கள். 2024 ஜூனில் இதே உத்தராகண்டில் சஹஸ்ரதால் பாதையில் பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். கர்நாடகத்திலிருந்து லீவு போட்டுவிட்டுப் போன, நம்மைப் போன்ற மனிதர்கள்தான்.

ஜூடா-கா-தாலாப் வந்தது. மச்சினன் ஒரு மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். நானும் பையாவும் பேசாமல் இருந்தோம். அரை மணி நேரம் போயிருக்கும்.

"மாமா, எனக்குப் பசிக்குது."

நான் அந்தப் பக்கம் திரும்பி, ஷூ லேஸைக் கட்டுவதுபோல் ரொம்ப நேரம் குனிந்திருந்தேன்.

பையா மேகி செய்து கொடுத்தார். மச்சினன் இரண்டு தட்டு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பையா ஒரு கதை சொன்னார். சிவபெருமான் முதலில் இந்த மலையில்தான் கோயில் கொள்வதாக இருந்தாராம். தியானத்தில் இருந்தபோது மாட்டின் சத்தம் கேட்டுக் கலைந்து, கழுத்து வரைக்கும் இங்கே விட்டுவிட்டுக் கேதார்நாத்துக்குப் போய்விட்டாராம். அதனால்தான் இது கேதார்-கண்டா. கண்டம் என்றால் கழுத்து. "அவரே வேலையைப் பாதியில விட்டுட்டு எடம் மாறினவர் ஸார்-ஜி. நீங்க நானூறு அடிதானே விட்டீங்க?"

சாயங்காலம் சாங்க்ரியில் அந்த இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டையும் மறுபடி நீட்டினேன். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். மேலே அது லஞ்சம். கீழே அது டிப்ஸ். அதே நோட்டுதான், எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதுதான் கணக்கு.

"தாங்க்யூ பையா" என்றேன். இந்தத் தடவை ஹிந்தி அர்த்தத்தில்.

* * *

இதைப் படித்துவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள் தம்பிகளே. அவசியம் போங்கள். அந்தக் குங்குமச் சிகரத்தை ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பது வேறு. ஆனால் பணம் கட்டுவதற்குமுன் கூட்டிப்போகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வழிகாட்டி எங்கே பயிற்சி பெற்றவர்? ஆக்ஸிஜன் சிலிண்டர் எந்த முகாம் வரை வருகிறது? 'திரும்பு' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? மூன்றாவதற்குப் பதில் பளிச்சென்று வரவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள். நாம் வழிகாட்டிக்குக் கொடுக்கும் சம்பளம் ஏற்றிவிடுவதற்கு என்று நினைக்கிறோம். வழி எல்லோருக்கும் தெரியும், அத்தனை பேர் மிதித்த தடம் இருக்கிறது. நாம் காசு கொடுப்பது, நம் புத்தி வேலை செய்யாத இடத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக. அப்புறம், பக்கத்துப் படுக்கைக்காரன் ராத்திரி வாந்தி எடுத்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

கம்பெனிக்காரர்கள் எங்களுக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். '12,100 அடி வரை' என்று எழுதியிருந்தது. மச்சினன் அதை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான். யாராவது "உச்சி 12,500 இல்ல?" என்று கேட்டால், "நானூறு அடி பாக்கி வெச்சிருக்கேன்" என்கிறான். அடுத்த ஜனவரிக்கு மறுபடி பதிவு பண்ணிவிட்டான், இந்தத் தடவை நடுவில் ஒரு ஓய்வு நாளோடு. என் ஷூ சைஸைக் கேட்கவில்லை. தெரியும் அல்லவா!

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "எப்படி இருந்துச்சு? தம்பியை நல்லா பார்த்துக்கிட்டீங்களா?"

"ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டோம்" என்றேன். 'டோம்' என்பதில் பையாவும் அடக்கம்.

அந்த ராத்திரி விஷயம் அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே இந்த வாரம் மட்டும் பேப்பர்காரரைத் தெருமுனையிலேயே மடக்கி, பத்திரிகையை நான் வாங்கிவிட வேண்டும். பக்கத்து வீட்டு மாமியும் இதே பத்திரிகைதான் வாங்குகிறார். அதற்கு என்ன செய்வது என்று வாசகர்கள் யாராவது சொன்னால் தேவலை.